மகளின் விவரங்களைக் கல்லூரி எடுத்துக் கொடுத்துவிடுமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் எம்.எஸ். படிக்கிறாள். "குடியேற்ற அதிகாரிகள் வளாகத்துக்கு வந்து ஏதாவது கேட்டால் நீங்களாகப் பதில் சொல்ல வேண்டாம், வளாகக் காவல்துறையைக் கூப்பிடுங்கள்" என்று கல்லூரியிலிருந்து எல்லோருக்கும் மெயில் வந்திருக்கிறதாம். அதைக் கேட்டதிலிருந்து என் மனைவிக்குத் தூக்கமில்லை. அதிகாரிகள் கேட்டால் அவள் முகவரி, மார்க் எல்லாவற்றையும் கல்லூரி கொடுத்துவிடுமா? நான் போன் செய்து மார்க் கேட்டபோது "சட்டத்தில் இடமில்லை" என்றவர்கள், அவர்களுக்கு மட்டும் கொடுப்பார்களா?
– ஒரு தந்தை, ஈரோடு

பதில்: உங்களுக்கு மார்க் சொல்ல மறுத்த சட்டம்தான் உங்கள் மகளையும் காக்கிறது, ஐயா. அதனால் அந்தக் கோபத்தை முதலில் இறக்கி வையுங்கள். 1974-இல் வந்த அந்தச் சட்டத்தை அங்கே ஃபெர்பா என்பார்கள். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் பதிவேடுகள் மீதான உரிமை மாணவருடையது, ஃபீஸ் கட்டும் அப்பாவுடையது அல்ல. அமெரிக்க வருமான வரிக் கணக்கில் பிள்ளையைத் தம்மைச் சார்ந்தவராகக் காட்டும் பெற்றோருக்கு ஒரு விலக்கு உண்டு. ஈரோட்டில் வரி கட்டும் உங்களுக்கு அது உதவாது. மாணவர் எழுதிக் கொடுத்த சம்மதம் இல்லாமல் வெளியாள் யாருக்கும் பதிவேட்டைக் காட்டக் கூடாது என்பது பொது விதி. போலீஸ் வந்து கேட்டாலும் விதி அதுதான்.

ஆனால் உங்கள் மகள் போன்ற எஃப்-1 விசா மாணவர்கள் விஷயத்தில் ஒரு ஜன்னல் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. விசாவுக்காகக் கல்லூரி கொடுத்த ஐ-20 படிவத்தில் அவள் கையெழுத்துப் போட்ட இடத்துக்கு மேலே உள்ள வாசகத்தைப் படிக்கச் சொல்லுங்கள். விசா நிலையைச் சரிபார்க்கத் தேவையான தகவல்களை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கல்லூரி தரலாம் என்று அவளே ஒப்புக்கொண்டிருப்பாள். அந்தத் தகவல்கள் போய்ச் சேரும் கணினிப் பதிவேட்டின் பெயர் செவிஸ். அதை நடத்துவதே நீங்கள் பயப்படும் 'ஐஸ்' என்ற குடியேற்ற அமலாக்க அமைப்பின் ஒரு பிரிவுதான். இதற்கு அடிப்படை 1996-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். அந்த அளவுக்கு ஃபெர்பா குறுக்கே நிற்காது என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

ஆகவே பெயர், பிறந்த தேதி, குடியுரிமை, இப்போது குடியிருக்கும் முகவரி, படிப்பு, முழுநேரமாகப் படிக்கிறாளா என்பதெல்லாம் அரசிடம் இருக்கிறது. ஒரு மாணவரைப் பற்றி விதியில் பட்டியலிட்ட தகவல்களைத் துறை கேட்டால், கல்லூரி மூன்று வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும்; மாணவர் காவலில் இருந்தால் அன்றைக்கே வாய்மொழியாக. நான் இப்படியொரு வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். "முகவரியைக் கொடுக்காதீர்கள் சார்" என்று கெஞ்சும் மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் வாடிவிடும். ஆனால் உண்மையைத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பவற்றைத்தான் கல்லூரி காக்கிறது, அதுவும் நிறையவே இருக்கிறது. மனநல ஆலோசகரின் குறிப்பு, பேராசிரியருக்கு எழுதிய மெயில், எந்தச் சங்கத்தில் உறுப்பினர், எந்தக் கட்டடத்தில் எத்தனை மணிக்கு அடையாள அட்டையைத் தேய்த்தாள் என்பது போன்றவை. இவற்றை வாங்க நீதிமன்ற உத்தரவோ முறையான சப்போனாவோ (ஆவணங்களைத் தரச் சொல்லும் சட்டபூர்வ ஆணை) வேண்டும். அப்போதும், ரகசியம் காக்கும்படி நீதிமன்றமோ, விசாரணைக்காகச் சப்போனா அனுப்பிய அமைப்போ உத்தரவிட்டிருந்தால் தவிர, கொடுப்பதற்கு முன் மாணவருக்குத் தெரிவிக்கக் கல்லூரி முயல வேண்டும். அவள் வக்கீல் வைத்துத் தடை கேட்கத்தான் அந்த அவகாசம்.

இந்த எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதில்தான் 2025-இல் ஹார்வர்டுக்கும் அரசுக்கும் முட்டிக்கொண்டது. வெளிநாட்டு மாணவர்களின் விவரங்களை அரசு கேட்டது. சட்டப்படி தர வேண்டியதைத் தந்துவிட்டோம் என்றது ஹார்வர்டு. போதாது என்று மே 22 அன்று, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதியையே அரசு ரத்து செய்தது. மறுநாளே நீதிபதி ஆலிசன் பரோஸ் அதற்குத் தடை போட்டார். பணமும் வக்கீல்களும் உள்ள கல்லூரி அப்படி நின்றது. எல்லாக் கல்லூரிகளும் நிற்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

இரண்டு ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன். வளாகக் காவல்துறை தன் வேலைக்காகத் தானே வைத்திருக்கும் பதிவுகளுக்கு ஃபெர்பா காவல் கிடையாது. அடுத்தது 'டைரக்டரி தகவல்'. பெயர், முகவரி, போன், பிறந்த ஊர், படிப்பு போன்றவற்றில் எதையெல்லாம் பொதுத் தகவல் என்று கல்லூரி அறிவிக்கிறதோ, அதைச் சம்மதமில்லாமலே யாருக்கும் தரலாம். வேண்டாம் என்று மாணவர் எழுதிக் கொடுத்தால் நிறுத்திவிடுவார்கள். உடனே எழுதிக் கொடுக்கச் சொல்லாதீர்கள், அதற்கும் ஒரு விலை உண்டு. நாளை வேலை கொடுக்கும் கம்பெனி "இவர் உங்களிடம் படித்தாரா?" என்று கேட்டால், "எங்களிடம் தகவல் இல்லை" என்றுதான் பதில் போகும். செவிஸில் எல்லாம் ஏற்கெனவே இருக்கும்போது, உங்கள் மகளுக்கு இதனால் லாபம் குறைவு என்பது என் எண்ணம்.

இனி அந்த மெயில். அது வேலை பார்ப்பவர்களுக்காகவும் எழுதியது. நூலக வாசலிலும் விடுதி வரவேற்பிலும் வாரம் இருபது மணி நேரம் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நம் பிள்ளைகள்தானே. ஒருவர் வந்து பேட்ஜைக் காட்டி, "இந்தப் பெண் எந்த வகுப்பில் இருப்பாள்?" என்று கேட்கிறார் என்று வையுங்கள். பதற்றத்தில் பதில் சொல்லிவிட்டால் அது தகவல் ரகசிய விதியை மீறுவதாகிவிடும். பொய் சொன்னாலோ, யாரையாவது ஒளித்து வைத்தாலோ, வழியை மறித்தாலோ குற்றவழக்கில் போய் முடியலாம். "எனக்கு அந்த அதிகாரம் இல்லை, பொறுப்பானவரைக் கூப்பிடுகிறேன்" என்ற ஒரே வாக்கியம்தான் பத்திரம். அதற்குத்தான் மெயில்.

கூப்பிட்டு வந்த பொறுப்பாளர் முதலில் பார்ப்பது, அதிகாரிகள் கொண்டுவந்த தாளின் தலைப்பையும் அடியில் உள்ள கையெழுத்தையும். ஐ-200 என்ற தாளில் 'வாரண்ட்' என்றுதான் போட்டிருக்கும். ஆனால் மேலே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பெயர், கீழே குடியேற்ற அதிகாரியின் கையெழுத்து. பூட்டிய விடுதிக்குள் நுழைய அது போதாது என்பதே கல்லூரிகள் கடைப்பிடித்துவரும் நிலை. தலைப்பில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்' என்றும், அடியில் நீதிபதியின் கையெழுத்தும், தேட வேண்டிய இடத்தின் விலாசமும் இருந்தால் கதை வேறு. 2025 மார்ச் 13 இரவு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இரண்டு விடுதி அறைகளுக்கு அப்படிப்பட்ட வாரண்டோடு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் வந்தார்கள். பல்கலைக்கழகம் திறந்துவிட்டது, திறந்தே ஆக வேண்டும். அன்று யாரும் கைதாகவில்லை.

புல்வெளி, தெரு, எல்லோரும் நுழையும் கூடம் ஆகிய இடங்களில் இந்தப் பூட்டெல்லாம் கிடையாது. கல்விக்கூடங்களில் பொதுவாக நடவடிக்கை எடுப்பதில்லை என்றிருந்த வழிகாட்டுதலையும் 2025 ஜனவரியில் விலக்கிவிட்டார்கள். அதே ஆண்டு மார்ச் 25 அன்று டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவி ருமைசா ஓஸ்டுர்க் குடியேற்ற அதிகாரிகளிடம் பிடிபட்டது சோமர்வில் நகரத் தெருவில். தனக்கு முன்கூட்டித் தெரியாது, தான் தகவல் எதுவும் கொடுக்கவில்லை என்றது டஃப்ட்ஸ். வளாகத்துக்கு வெளியே கல்லூரியின் கை நீளாது.

கதவு தட்டும் சத்தத்தை நினைத்துப் பயப்படுகிறீர்கள். எங்களைக் கலங்க வைத்ததோ, சத்தமே இல்லாத ஒன்று. 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகளை அரசே முடித்துவைத்தது. பல கல்லூரிகளுக்கு அறிவிப்பு கூட வரவில்லை. காலையில் காபிக்கு முன் கணினியைத் திறந்து, நேற்றுவரை 'ஆக்டிவ்' என்றிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதே வேலையாகிப்போனது. வழக்குகள் குவிந்த பிறகு, ஏப்ரல் 25 அன்று பதிவுகளை மீட்பதாக அரசு வக்கீல்கள் நீதிமன்றத்தில் சொன்னார்கள்.

அதனால் மகளிடம் சொல்ல வேண்டியது சின்ன விஷயங்கள்தான். வீடு மாறினால் பத்து நாளுக்குள் கல்லூரிக்குச் சொல்ல வேண்டும். "ரூம்மேட் மாறியிருக்கிறார், அதே தெருதான்" என்று விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாடச்சுமையைக் குறைக்குமுன் டி.எஸ்.ஓ. எனப்படும் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் கேட்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பிய வெளிநாட்டவர்கள் பதிவுச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவளுக்கு அது ஐ-94 என்ற வருகைப் பதிவு. பாஸ்போர்ட், ஐ-20, ஐ-94 மூன்றின் நகலும் உங்களிடம் ஈரோட்டில் இருக்கட்டும்.

நகலில் பெயரை உற்றுப் பாருங்கள். நம்மூர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் அவள் பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று ஏறியிருக்கும். யாராவது காவலில் இருக்கிறார்களா என்று ஐஸ் இணையதளத்தில் தேடும்போது, பதிவில் உள்ளபடியே பெயரும் பிறந்த நாடும் கொடுத்தால்தான் கிடைக்கும். 'கே.' என்று இனிஷியல் போட்டுத் தேடிக்கொண்டிருந்தால் வராது. இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் போவதற்கும், காவலில் இருப்பவர் தாமே கேட்க வேண்டும். இதை அவளிடம் சொல்லி வையுங்கள்.

கடைசியாக உங்கள் போன் விஷயம். பெற்றோரிடம் பேசலாம் என்று ஃபெர்பா சம்மதப் படிவம் ஒன்றை அவள் ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், நெருக்கடியில் நீங்கள் கூப்பிடும்போது "சொல்ல முடியாது" என்று வைத்துவிட மாட்டார்கள். பல கல்லூரிகளின் படிவத்தில் மதிப்பெண்ணுக்குத் தனிக் கட்டம் இருக்கும். அதில் டிக் போடுவதா வேண்டாமா என்பதை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள்.