ஓடி முடித்ததும் எடை கூடியிருந்தால் தண்ணீரைக் குறையுங்கள்

கேள்வி: எனக்கு வயது 52. பாளையங்கோட்டையில் ஒரு ஓட்டக் குழுவோடு இரண்டு வருடமாக ஓடுகிறேன். இன்னும் ஐந்து வாரத்தில் நம்மூரில் நடக்கும் அரை மாரத்தானுக்குக் குழுவில் எல்லாருமே பெயர் கொடுத்திருக்கிறோம். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 இரண்டும் சேர்ந்த மாத்திரை தினமும் காலையில் எடுக்கிறேன். முழங்கால் வலிக்காமல் இருக்க, நீண்ட தூரம் ஓடும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் டைக்ளோஃபெனாக் ஒன்று போட்டுக்கொள்வேன். கிளம்பும் முன் ஒரு லிட்டர் தண்ணீர், வழியில் அரை லிட்டர் பாட்டில் நான்கு. போன இரண்டு ஞாயிறும் 16 கி.மீ. ஓடி முடிக்கும்போது மண்டையிடி, குமட்டல், மோதிரத்தைக் கழற்ற முடியாத அளவுக்கு விரல் வீக்கம். மதியம் வரை கிறுகிறுப்பு. "அண்ணாச்சி, உங்களுக்குத் தண்ணி பத்தல" என்கிறார்கள். எழுந்ததும் எடை 71.2 கிலோ, ஓடிவிட்டு வந்து பார்த்தால் 72.1. எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 20 நிமிடம். வழியில் ஒன்றுக்குப் போகவில்லை. இன்னும் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: எடை பார்த்து எழுதினீர்களே, அது பெரிய உதவி. உங்கள் கேள்விக்கான விடை அந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது. உங்களுக்குத் தண்ணீர் பற்றாமல் போகவில்லை, மிஞ்சிப்போயிருக்கிறது. தண்ணீர் வற்றிய உடம்பு ஓட்டம் முடியும்போது எடை குறைந்திருக்கும். உங்களுக்கு 900 கிராம் ஏறியிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். எடை பார்த்த பிறகு குடித்தது மொத்தம் மூன்று லிட்டர். அதில் 0.9 லிட்டர் உடம்பில் தங்கிவிட்டது, மீதி 2.1 லிட்டர் வியர்வையாகப் போயிருக்கிறது. 2 மணி 20 நிமிடத்துக்கு 2.1 லிட்டர் என்றால் மணிக்குச் சுமார் 900 மில்லி. நீங்கள் உள்ளே அனுப்பியது மணிக்கு ஏறக்குறைய 1,300 மில்லி.

உட்கார்ந்திருக்கும்போது இவ்வளவு குடித்தால் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். நீண்ட நேரம் ஓடும்போது அப்படியில்லை. மூளையிலிருந்து சிறுநீரை அடக்கும் ஹார்மோன் (வாசோபிரசின்) கூடுதலாகச் சுரக்கும். சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நீங்கள் ஒன்றுக்கே போகாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். வியர்வையில் உப்பும் தண்ணீரும் சேர்ந்து போக, பதிலுக்கு வெறும் தண்ணீர் மட்டும் வந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். அது லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கும்போது மூளைச் செல்களுக்குள் தண்ணீர் புகுந்து அவை வீங்கும். மண்டையோட்டுக்குள் வீங்க இடம் ஏது? அதனால்தான் தலைவலியும் குமட்டலும். இன்னும் இறங்கினால் பேச்சுக் குழறல், குழப்பம், வலிப்பு, உயிராபத்து. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் ஒரு பகுதியினருக்கு முடிவுக்கோட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் 135 அல்லது அதற்கும் கீழே இருந்தது. மெதுவாக ஓடி, ஒவ்வொரு தண்ணீர் மேஜையிலும் நின்று நின்று குடிப்பவர்களுக்கே இது அதிகம் வருகிறது. முன்னால் பறப்பவர்களுக்குக் குடிக்க நேரமே இருக்காது.

விரல் வீக்கம் மட்டும் இருந்தால் நான் இவ்வளவு சொல்லமாட்டேன். கையை ஆட்டி ஓடும் பலருக்கு அது சாதாரணமாகவே வரும். எடை ஏற்றம், தலைவலி, குமட்டல் மூன்றும் சேர்ந்து வந்ததுதான் கவலை. அதோடு உங்கள் மாத்திரைகள்.

ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீரில் உப்பை வெளியேற்றும் மருந்து. கூடுதல் தண்ணீரை மட்டும் பிரித்து வெளியேற்றும் திறனையும் அது குறைக்கிறது. ஓடாதவர்களுக்கே, குறிப்பாக வயதானவர்களுக்கு, இதனால் சோடியம் இறங்குவதுண்டு. டைக்ளோஃபெனாக் அந்த ஹார்மோனின் வேலையைத் தூண்டிவிட்டு, தண்ணீரை இன்னும் இறுக்கிப் பிடிக்க வைக்கும். சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாய்களையும் சுருக்கும். டெல்மிசார்டன், தயசைடு, வலி மாத்திரை மூன்றும் ஒன்றாக இருக்கும்போது வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடினால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கும் வாய்ப்பு நிஜமாகவே உண்டு. "ஞாயிறு மட்டும்தானே" என்று நினைக்காதீர்கள். சிறுநீரகத்துக்குச் சுமை உச்சத்தில் இருக்கும் நாளே அந்த ஞாயிறுதான். இனி ஓட்டத்துக்கு முந்தைய நாளும் ஓடும் நாளும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம். மாத்திரை போட்டால்தான் முழங்கால் ஓடவிடும் என்ற நிலை இருந்தால், அந்த முழங்காலைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. இந்த வாரமே எழுதிக்கொடுத்த மருத்துவரைப் பாருங்கள். சோடியம், பொட்டாசியம், யூரியா, கிரியாட்டினின் நான்கும் பாருங்கள். போட்டியைச் சொல்லி, தயசைடு இல்லாத மருந்துக்கு மாற்ற முடியுமா, ஓடும் நாளில் மாத்திரையை எப்போது எடுப்பது என்று கேளுங்கள். 52 வயது, ரத்த அழுத்தம் என்பதால் ஈ.சி.ஜி.யும், அவர் சொன்னால் டிரெட்மில் பரிசோதனையும் பார்த்துவிடுவது நல்லது. தலைவலிக்கு அழுத்தம் ஏறியதும் காரணமாக இருக்கலாம், அதையும் அவர் பார்ப்பார். சாதாரண நாளில் சோடியம் சரியாக இருந்தால் ஓடும் நாளிலும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முடிவு வரும்வரை நீண்ட ஓட்டம் வேண்டாம், நடந்தால் போதும்.

மருத்துவர் சரி என்றபின் உங்கள் வியர்வைக் கணக்கை ஒழுங்காக எடுங்கள். 100 கிராம் வித்தியாசம் காட்டும் டிஜிட்டல் எடை மெஷின் போதும். போட்டி தொடங்கும் அதே நேரத்தில், அதே வேகத்தில், சரியாக ஒரு மணி நேரம் ஓடுங்கள். ஒன்றுக்குப் போய்விட்டு, ஓடும் அரைக்கால்சட்டையோடு மட்டும் எடை. அளவு தெரிந்த பாட்டிலில் குடியுங்கள். முடித்ததும் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு அதே அரைக்கால்சட்டையோடு எடை. நனைந்த பனியனோடு ஏறினால் கணக்கு தப்பும். வியர்வையில் ஊறிய துணியே 200 கிராம் இருக்கும். குறைந்த எடையோடு குடித்ததைக் கூட்டினால் ஒரு மணி நேர வியர்வை. 600 கிராம் குறைந்து, 300 மில்லி குடித்திருந்தால் 900 மில்லி. மாசிக்கும் பங்குனிக்கும் நம்மூர் வெயில் ஏறிவிடும். ஆற்றோரப் பாதையில் விடியற்காலையில் காற்றில் ஈரம் இருக்கும், வியர்வை சொட்டுமே தவிர காயாது. ஆகவே போட்டிக்கு ஒரு வாரம் முன் மறுபடி பாருங்கள்.

குடிக்கும் அளவு அந்த எண்ணைத் தாண்டவே கூடாது. தாகம் எடுக்கும்போது குடியுங்கள். உங்களுக்கு மணிக்கு 400 முதல் 500 மில்லிக்குள் அடங்கும். அரை மாரத்தான் 21.1 கி.மீ. உங்கள் வேகத்தில் மூன்று மணி நேரம் சொச்சம் ஆகும். வியர்வை 2.7 லிட்டர், குடிப்பது ஒன்றரை லிட்டர் என்றால் முடிக்கும்போது 1.2 கிலோ குறைந்திருப்பீர்கள். 71 கிலோ உடம்பில் அது இரண்டு சதவீதத்துக்கும் கீழே. அந்தக் குறைவை உடம்பு தாங்கும். இரண்டு கி.மீ.க்கு ஒரு தண்ணீர் மேஜை போட்டிருந்தால் பத்து மேஜை வரும். 150 மில்லி பேப்பர் கப் ஒவ்வொன்றிலும் ஒன்று குடித்தாலே ஒன்றரை லிட்டர் ஆகிவிடும். அரை லிட்டர் பாட்டிலைக் கையில் திணிப்பார்கள். இரண்டு மடக்கு குடித்துவிட்டு மீதியைத் தலையிலும் கழுத்திலும் ஊற்றிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் அந்த ஒரு லிட்டர் வேண்டாம், ஒரு டம்ளர் போதும்.

"உப்பு சேர்த்துக் குடித்தால் எவ்வளவும் குடிக்கலாமா?" என்று அடுத்து கேட்பீர்கள். முடியாது. ஓ.ஆர்.எஸ். கரைசலில் சோடியம் லிட்டருக்கு 75 மில்லிமோல். விளையாட்டு பானங்களில் பொதுவாக அதைவிட மிகக் குறைவு. ரத்தத்தில் இருப்பதோ 140. எதை அளவுக்கு மீறிக் குடித்தாலும் ரத்தம் நீர்க்கத்தான் செய்யும். ஓ.ஆர்.எஸ். எடுத்தால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். அரை லிட்டர் பாட்டிலில் ஒரு லிட்டர் பாக்கெட்டைக் கொட்டினால் வயிறு பிரட்டும். இளநீரில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். டெல்மிசார்டன் பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தும் மருந்து என்பதால் இரண்டு மூன்று இளநீர் தொடர்ந்து உங்களுக்கு ஆகாது. பதநீர் சர்க்கரை மிகுந்தது, ஓடும்போது வயிற்றில் நிற்கும். முடித்து ஒரு மணி நேரம் கழித்து, ஒன்றுக்குப் போனபின் ஒரு பட்டை குடிக்கலாம். உப்புப் போட்ட நீர்மோர் ஒரு டம்ளர், வழக்கமான இட்லி சாம்பார், இதிலேயே போன உப்பு திரும்பிவிடும்.

உங்கள் குழு நண்பர்களும் இதைப் படிக்க வேண்டும். ஓடி முடித்தவர் தலைவலி, வாந்தி என்று உட்கார்ந்தால் வாயில் பாட்டிலைக் கவிழ்க்காதீர்கள். மருத்துவ முகாமில் எடை மெஷின் இருந்தால் ஏற்றிப் பாருங்கள். எடை கூடியிருந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு, நினைவு தெளிவாக இருப்பவருக்கு உப்புக்கடலையோ ஊறுகாயோ கொடுத்து, சிறுநீர் தாராளமாகப் போகும்வரை பக்கத்திலேயே இருங்கள். பேச்சு குழம்பினால், வாந்தி நிற்காவிட்டால் உடனே 108. அங்கே "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று வற்புறுத்தாதீர்கள், அதுவும் தண்ணீரைக் கூட்டுவதுதான். சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கி, மூளை பாதிப்பு தெரிந்தால் கொடுக்க வேண்டியது 3 சதவீத உப்புக் கரைசல், 100 மில்லி, பத்து நிமிடத்தில். அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

குழம்பியவரின் உடம்பு நெருப்பாய்க் கொதித்தால் அது வேறு: வெப்பத் தாக்கு. வண்டி வரும்வரை காத்திருக்காதீர்கள். நிழலில் கிடத்தி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வைத்து, விசிறிக்கொண்டே இருங்கள். முதலில் குளிர்விக்க வேண்டும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

போட்டியன்று மார்பில் குத்தும் எண் அட்டையின் பின்பக்கம் அழியாத பேனாவில் உங்கள் மாத்திரைகளின் பெயர், கிளம்பியபோது இருந்த எடை, வீட்டு எண் மூன்றையும் எழுதிவையுங்கள்.