மறுமொழி: 18 வயசாகியும் அப்பா விடமாட்டேங்கிறார்

தங்கச்சி, "21 வரைக்கும் நீ என் பொறுப்பு"ன்னு அப்பா சொல்வது பழைய கணக்கு. 1989இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இலங்கையில் 18 ஆனால் மேஜர்தான். லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு பதுளையில் சித்தி வீட்டுக்குப் போவது குற்றமில்லை.

போகும் முன் ஹட்டன் பொலிஸில் பெண்கள், சிறுவர் பிரிவுக்குப் போய், சொந்த விருப்பத்தில் போகிறேன் என்று பதிந்துவிடுங்கள். பிறகு அப்பா "மகளைக் காணோம்" என்று முறைப்பாடு செய்தாலும் பயமில்லை. பிறப்புச் சான்றிதழை அவர் பூட்டி வைத்திருந்தால் வைத்திருக்கட்டும். பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம்.

தம்பியைக் கூட்டிப் போகாதீர்கள். அவனுக்கு 15தானே? அடி விழுகிறது என்றால் 1929க்குச் சொல்லுங்கள், அது சிறுவர்களுக்கான இலக்கம். அவனைக் கொழும்புக் கடைக்கு அனுப்பப் பார்க்கிறார்கள் என்றீர்களே, 16க்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பதே சட்டவிரோதம். அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.