கார்டு (சண்டைப் பட்டியல்) வந்தாச்சு, ஜெயிப்பார்னு யாரைப் பிக் பண்றது? — எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) கேள்வி பதில்

14-0 ரெக்கார்டு (14 வெற்றி, தோல்வியே இல்லை) வச்சிருக்கிறவரைப் போய் அண்டர்டாக், அதாவது ஜெயிக்க வாய்ப்பு கம்மின்னு சொல்றாங்களே, எப்படிண்ணா?

அந்த 14 பேர் யாருன்னு பாருங்க. எல்லாரையும் முதல் ரவுண்டுலயே முடிச்சவர் மூணாவது ரவுண்டுல எப்படி இருப்பார்னு இன்னும் யாரும் பார்க்கலை. ரெக்கார்டைத் தள்ளி வச்சிட்டு ஒண்ணே ஒண்ணு கேளுங்க: ஃபைட் நின்னு நடக்கணுமா, தரையில நடக்கணுமான்னு முடிவு பண்றது யார் கையில இருக்கு? பாதிப் பதில் அதுலயே வந்துடும்.

ஒருத்தரோட டேக்டவுன் டிஃபென்ஸ் (கீழே தள்ளுற முயற்சியைத் தடுக்கிறது) 80 சதவீதம். ரெஸ்லருக்கு (மல்யுத்தக்காரர்) எதிரா அது போதாதா?

போதாது. முதல்ல, அவரைக் கீழே தள்ளப் பார்த்தது யார்? ஸ்ட்ரைக்கருங்க (குத்து, உதையை நம்புறவங்க) அரைமனசா முயற்சி பண்ணதும் அந்தக் கணக்குல சேரும். நல்ல ரெஸ்லர் கீழே தள்ளப் பாயற முதல் ஷாட் தப்பினா விடமாட்டார். கூண்டுச் சுவரோட அழுத்தி, சிங்கிள் லெக்ல (ஒரு கால் பிடி) இருந்து டபுள் லெக்குக்கு (ரெண்டு கால் பிடி) மாறுவார். பத்துல ரெண்டு தடவை விழுந்தாலும் போதும்; ஒவ்வொரு தடவையும் நாலு நிமிஷம் எந்திரிக்க முடியாம அடி வாங்கினா ரெண்டு ரவுண்டு காலி. அதனால பழைய வீடியோவுல, விழுந்த பிறகு எந்திரிக்க எத்தனை செகண்ட் ஆகுதுன்னு பாருங்க. சதவீதத்தைவிட அது உபயோகம்.

அப்போ மேலே படுத்திருந்தாலே ரவுண்டு கிடைச்சிடுமா?

இல்லை. ஜட்ஜுங்க முதல்ல பார்க்க வேண்டியது அடியும் கிராப்ளிங்கும் (பிடிச்சு மடக்குற சண்டை) எவ்வளவு பாதிப்பைத் தந்துச்சுன்னுதான். அது சரிசமமா இருந்தாதான் ஆக்ரோஷம், அதுக்கப்புறம்தான் கூண்டுல யார் கை ஓங்குச்சுங்கிற கணக்கு.

தராசுல எடை வரம்பைத் தாண்டி வெயிட் மிஸ் பண்ணிட்டார்னா பிக்கை மாத்தணுமா?

எவ்வளவு மிஸ்? டைட்டில் ஃபைட்ல சலுகையே கிடையாது, மத்ததுல ஒரு பவுண்டு விடுவாங்க. 2022 மே மாசம் சாம்பியன் சார்ல்ஸ் ஒலிவேரா அரை பவுண்டு கூடிப்போய் பெல்ட்டையே (சாம்பியன் பட்டம்) இழந்தார். மறுநாள் எதிராளி கேத்ஜியை முதல் ரவுண்டுலயே சோக் (கழுத்து நெரிப்பு) போட்டு ஜெயிச்சார். அஞ்சு பவுண்டு தாண்டினவர் பாதியிலயே வெயிட் கட்டை (ஃபைட்டுக்கு முன்னாடி எடை குறைக்கிறது) நிறுத்தினவரா இருக்கலாம். அப்படின்னா எதிராளியைவிட தெம்பாவே வருவார்! நான் பயப்படுறது, சரியா வெயிட் அடிச்சும் கால் நடுங்க, கன்னம் ஒட்டி, ஒருத்தர் தாங்கிப் பிடிக்க தராசுல ஏறுறவருக்குத்தான்.

ஷார்ட் நோட்டீஸ்ல (கடைசி நேரத்துல கூப்பிட்டு) வர்றவரை நம்ம பிக்ல இருந்து அடிச்சு விடலாமா ப்ரோ?

11 நாள் நோட்டீஸ்ல வந்து 2016 மார்ச்ல மெக்ரெகரை ரெண்டாவது ரவுண்டுல சோக் போட்டவர் நேட் டயஸ். அதே 11 நாள் நோட்டீஸ்ல 2023 அக்டோபர்ல வந்த வோல்கனோவ்ஸ்கி, மகச்சேவோட ஹெட் கிக்ல முதல் ரவுண்டுலயே சாய்ந்தார். நாளை மட்டும் எண்ணிப் பிரயோஜனமில்லை. டயஸுக்கு அந்த ஃபைட் 170 பவுண்டுல நடந்துச்சு, வழக்கமான 155க்கு இறங்க வேண்டியிருக்கலை. வெயிட் கட் உண்டா, எத்தனை ரவுண்டு, அதைப் பாருங்க.

ஜெயிக்கிறவரைச் சரியா சொல்றேன், எப்படி ஜெயிப்பார்ங்கிற முடிவுதான் தப்பாகுது.

ரெண்டையும் தனித்தனியா யோசிங்க. 2022 ஆகஸ்ட்ல சாம்பியன் உஸ்மான் பாயின்ட்ல முன்னாடி இருந்தார். அஞ்சாவது ரவுண்டுல ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லாதப்போ எதிராளி லியோன் எட்வர்ட்ஸோட இடது ஹெட் கிக் விழுந்து உஸ்மான் நாக்அவுட். அஞ்சு ரவுண்டு ஃபைட்ல "டிசிஷன்"னு, அதாவது ஜட்ஜுங்க பாயின்ட்ல முடியும்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிக்கணும்.

மெயின் கார்டு (கடைசியா வர்ற முக்கிய சண்டைங்க) அஞ்சு ஃபைட்லயும் என் பிக் சரியா வருமா?

ஒவ்வொண்ணுலயும் 65 சதவீதம் நம்பிக்கைன்னாலும், அஞ்சும் சேர்ந்து சரியாகிற வாய்ப்பு 12 சதவீதத்துக்குள்ளதான். மூணு சரியா வந்தா மோசமில்லை.