மகளை விடுதிப் பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்ட தங்கைக்கு

இங்கிலாந்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, கணவன் மனைவி இருவருக்கும் மருத்துவமனையில் இரவுப் பணி மாறி மாறி வருகிறது, ஐந்தாம் வகுப்பு மகளைப் பெண்கள் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடலாமா, நம் ஊர் கான்வென்ட் ஹாஸ்டல் போலத்தான் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே வந்து 22 வருடங்கள் ஆகின்றன. அதில் ஒன்பது வருடம் அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் துணை மேட்ரனாக, அதாவது விடுதிப் பிள்ளைகளின் உடல்நலம், துணிமணி பார்த்துக்கொள்பவராக, வேலை பார்த்தேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

கான்வென்ட் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். நான் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் வளர்ந்தவள். மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும், வார்டன் படித்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக் கடிதம் கைக்கு வரும். செல்டன்ஹாம் லேடீஸ் காலேஜ் (1853இல் தொடங்கியது), ரோடீன் (1885), விகம் அபி (1896) போன்ற இங்குள்ள பழைய பெண்கள் விடுதிப் பள்ளிகளின் பெயரைக் கேட்டால் நமக்கு அந்த நினைப்புதான் வரும். இன்று உள்ளே போய்ப் பார்த்தால் கண்டிப்பை விட கவனிப்புதான் அதிகம். பிள்ளைகள் 'ஹவுஸ்' என்ற தனித்தனி இல்லங்களாகப் பிரிந்து வசிக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஹவுஸ் மிஸ்ட்ரஸ் என்ற பொறுப்பாசிரியை குடும்பத்தோடு குடியிருப்பார். நர்ஸ், மனநல ஆலோசகர் எல்லாரும் உண்டு. விடுதிகள் கடைப்பிடிக்க வேண்டிய குறைந்தபட்சத் தரங்களை அரசே வகுத்திருக்கிறது, ஆய்வுக்கும் ஆட்கள் வருகிறார்கள். ஆண் பிள்ளைகளைக் கண்ணிலேயே காட்ட மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பக்கத்து ஆண்கள் பள்ளியோடு நாடகம், நடனம், விவாதம் எல்லாம் நடக்கும்.

நான் வேலை பார்த்த ஹவுஸில் இரவு ஒன்பது மணிக்குச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் போனைக் கொண்டுவந்து மர அடுக்கில் வைக்க வேண்டும். முதல் வருடம், எவ்வளவு ஒழுங்கான பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது, பாதிப் பேர் உடைந்த பழைய போனை வைத்துவிட்டு நல்லதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார்கள். ஹாங்காங்கிலிருந்து வந்த ஒரு பெண் துணி அலமாரிக்குள் சின்ன ரைஸ் குக்கரை ஒளித்து வைத்திருந்தாள். மாடிப்படி ஏறும்போதே சோறு வேகும் வாசனை எனக்குத் தெரிந்துவிட்டது. தீ விபத்து பயத்தில் அதை எடுத்துவைக்க வேண்டியதாயிற்று. ஆனால் சனிக்கிழமைதோறும் ஹவுஸ் சமையலறையில் அவள் பொங்க, நாங்கள் எல்லாரும் சாப்பிட்டோம்.

ஞாயிறு மாலைதான் கொடுமை. வாரம் முழுக்க வகுப்பு, விளையாட்டு, இசை, 'ப்ரெப்' எனும் வீட்டுப்பாட நேரம் என்று நிற்க நேரம் இருக்காது. ஞாயிறு ஆறு ஏழு மணிக்கு எல்லாம் ஓய்ந்ததும் வீட்டு நினைப்பு வந்துவிடும். சலவை அறையில் காலுறைகளுக்குப் பெயர்த்துணி தைத்துக்கொண்டிருப்பேன். "மடித்துக் கொடுக்கட்டுமா மிஸ்" என்று வந்து நிற்பாள் ஒருத்தி. மடிக்க ஒன்றும் இருக்காது என்பது அவளுக்கும் தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பெண்கள் மட்டும் இருக்கிற இடத்தில் ஒருத்தி தட்டை இன்னொருத்தி கவனிப்பது அதிகம். சாப்பாட்டைத் தள்ளிவைப்பதும் மதிப்பெண்ணுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளையும் விடுவதில்லை.

இனி பணம். பெயர் பெற்ற பள்ளிகளில் தங்கிப் படிக்க ஆண்டுக்கு 50,000 பவுண்டுக்கு மேல் ஆகிறது. 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 விழுக்காடு வாட் வரியும் சேர்ந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸின் ஓராண்டுச் சம்பளத்தை விட அந்தக் கட்டணம் அதிகம். வருமானத்தைப் பார்த்துத் தருகிற சலுகை உண்டு, கேட்பதில் வெட்கப்பட வேண்டாம். ஆனால் அதற்குப் போட்டியும் கடுமை. செலவைத் தாங்க முடியாமல் பள்ளி மாறுகிறவர்களும் உண்டு. ஆண்கள் பள்ளிகளும் பெண்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டதால் பெண்கள் பள்ளிகளுக்குப் போட்டி கூடியிருக்கிறது. 1382இல் தொடங்கிய வின்செஸ்டர் என்ற ஆண்கள் பள்ளி கூட 2022இல் மேல்வகுப்புகளில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது.

நீங்கள் யோசிக்காத ஒன்று இருக்கிறது. இந்தப் பள்ளிகள் ஆண்டில் 34 வாரம் போலத்தான் நடக்கும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், நீண்ட கோடை, நடுவில் அரைப் பருவ விடுமுறை, அதுபோக 'எக்ஸியாட்' என்று சில வார இறுதிகளில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கும் உங்களுக்கு இரவுப் பணி இருக்கும். ஐம்பதாயிரம் கட்டிவிட்டு, யார் வீட்டில் பிள்ளையை விடுவது என்று மறுபடியும் தேட வேண்டியிருக்கும்.

அதனால் என் யோசனை இது. பெண்கள் பள்ளிதான் வேண்டும் என்றால் லண்டன் பக்கம் டிஃபின் கேர்ல்ஸ், நான்சச், ஹென்ரியட்டா பார்னெட் போன்ற அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது, தங்கவும் முடியாது, நுழைவுத் தேர்வு கடினம். ஐந்தாம் வகுப்பு முடிகிற கோடையிலேயே பதிய வேண்டும், ஆகவே இப்போதே பாருங்கள். இரவுப் பணியை மாற்றித்தரச் சொல்லி மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். சட்டப்படி அப்படிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் மகளுக்கே ஆசை இருந்தால், வாரத்தில் ஐந்து நாள் மட்டும் தங்கும் பள்ளியாகப் பாருங்கள். ஓர் இரவு தங்கிப் பார்க்க விடுவார்களா என்றும் கேளுங்கள். பெற்றோரை அழைக்கும் நாளில் நீச்சல் குளத்தையும் அரங்கத்தையும் காட்டுவார்கள். நீங்கள் சலவை அறையைக் காட்டச் சொல்லுங்கள். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு ஹவுஸில் யார் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள்.