கேட்டல் பாடம்: ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட ஆசிரியர்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதிலளிக்கிறார்.

வாகரை, தரம் 4: "கவனமா கேளுங்க" என்று எத்தனை தரம் சொன்னாலும் பிள்ளைகள் கேட்பதில்லை டீச்சர்.

அந்தச் சொல்லையே விட்டுவிடுங்கள் மகள். எதைப் பிடிக்கக் கேட்க வேண்டும் என்பதை முதலில் சொல்லுங்கள். சந்தைக்குப் போன கதையொன்றை வாசிக்கிறீர்களா? முதல் வாசிப்புக்கு முன் "யார் யார் போனார்கள்?" என்ற ஒரே கேள்வி. இரண்டாவதற்கு முன், "எதை வாங்க மறந்தார்கள், ஏன்?" பென்சில் மேசையில் கிடக்கட்டும். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இருவருக்கும் விடை வேறாக வந்தால் மூன்றாம் வாசிப்பை அவர்களே கேட்டு வாங்குவார்கள். 10 நிமிடம் போதும், ஆனால் நாள்தோறும் வேண்டும்.

திருக்கோவில்: எழுத்துத் தெரியாத பிள்ளையும் மளமளவென்று எழுதும் பிள்ளையும் ஒரே வகுப்பில். எப்படிச் சமாளிப்பது?

கதை ஒன்றே, வேலை மட்டும் மாறட்டும். ஒரு பிள்ளை படங்களை வரிசைப்படுத்தட்டும், இன்னொன்று விடுபட்ட சொல்லை எழுதட்டும், மற்றது கதையின் முடிவை மாற்றிச் சொல்லட்டும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளை கேட்பதில் கெட்டியாக இருக்கலாம். ஏடு வாசிக்கத் தெரியாதவர்களும், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பாடக் கேட்டே கூத்துப் பாட்டுகளைப் பாடமாக்கிய மண் இது. அந்தப் பிள்ளையை முன்னுக்குக் கொண்டுவர இந்தப் பாடத்தை விட்டால் வேறு எது?

அக்கரைப்பற்று, ஆங்கிலம், தரம் 8: ஒலிப்பதிவை நிறுத்தி நிறுத்திப் போடலாமா?

முதல் தரம் போடும்போது வேண்டாம் தம்பி. அப்படிப் பழக்கினால் ஒரு சொல் தவறியதும் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். ஆங்கிலப் பேச்சில் சொற்கள் ஒட்டி ஒலிப்பதால், எழுத்தில் தெரிந்த சொல்லே காதுக்குப் பிடிபடாது. ஆகவே கடைசித் தரம் எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கட்டும். அப்புறம் டிக்டோகுளொஸ் என்ற முறை இருக்கிறது: சிறு பந்தியொன்றைச் சாதாரண வேகத்தில் இரு தரம் வாசியுங்கள், பிள்ளைகள் முக்கிய சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, குழுவாகப் பந்தியைத் திரும்ப எழுதுவார்கள். கருத்துப் பிசகாமல் இருந்தால் சரி.

களுவாஞ்சிக்குடி: மார்கழி மழை தகரக் கூரையில் விழுந்தால் எதுவும் கேட்காதே?

அன்று சோடி வேலைதான். ஒருவர் படத்தை விவரிக்க, அருகிலிருப்பவர் பார்க்காமல் வரையட்டும்.

கல்முனை: ஒரு பிள்ளை எதற்கும் "ஆ?" என்கிறது. கவனக்குறைவா?

ஏசாதீர்கள். நடுக்காதில் நீர் கோத்தாலும் கேட்கும் திறன் குறையும். சளியோடு அது வந்து வந்து போகும், அதனால் ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. உங்கள் முகம் தெரியும்படி முன்வரிசையில் இருத்துங்கள். பெற்றோரிடம் இந்த வாரமே சொல்லி, காதைப் பரிசோதிக்க அனுப்புங்கள்.