எந்த அட்டை முந்தையது?

கேள்வி: லேடிபேர்ட் என்ற பிரிட்டிஷ் பதிப்பகத்தின் பழைய சிறுவர் நூல்களைச் சேர்த்து வருகிறேன். ஒரே நூல் இருவேறு அட்டைகளுடன் கிடைத்துள்ளது. இரண்டிலும் ஒரே ஆண்டுதான் இருக்கிறது. முந்தைய பிரதி எது?

பதில்: அந்த ஆண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள், முதற்பதிப்பின் காப்புரிமை ஆண்டையே மறுபதிப்புகளிலும் அச்சிட்டு வந்தார்கள். 1960களின் நடுப்பகுதி வரை இந்நூல்களுக்குத் தனி மேலுறைத் தாள் இருந்தது. பின்னர் அதைக் கைவிட்டு, படத்தைக் கெட்டி அட்டையிலேயே அச்சிடத் தொடங்கினர். குழந்தைகளின் கையில் முதலில் கிழிவது மேலுறைதான் என்பதால், அது ஓரம் நைந்து, கிரேயான் கிறுக்கலோடு இருந்தாலும் அந்தப் பிரதியையே நான் வாங்குவேன். இரண்டிலும் மேலுறை இல்லையெனில் விலையைப் பாருங்கள்: இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்றிருந்தால், பிரிட்டன் 1971 பிப்ரவரியில் தசம நாணயத்துக்கு மாறுவதற்கு முன் அச்சானது. பதிப்பகத்தின் சின்னமான வண்டு சிறகு விரித்தபடி இருந்தால், அந்தப் பிரதி இன்னும் பழையது.