ஆமைக்குப் புழுவும் வேண்டாம், சொட்டு மருந்தும் வேண்டாம்

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வயது சல்கேட்டா ஆமை இருக்கிறது. கண்ணாடித் தொட்டியில்தான் வளர்க்கிறோம். வாங்கிய இடத்தில் சொன்னபடி தினமும் ஏழெட்டு மீல்வார்ம் புழு, வெள்ளரிக்காய், லெட்யூஸ் கொடுக்கிறோம். கால்சியம் சொட்டு மருந்தும் உண்டு. ஆனாலும் ஓடு மேடுமேடாக எழும்புகிறது. பின்பக்கம் அழுத்தினால் லேசாக அமுங்குகிறது. சொட்டு மருந்தை இரண்டு மடங்காக்கச் சொல்கிறார் கடைக்காரர். நண்பர் வீட்டு ஆமையும் புழு தின்கிறது, அது நன்றாகத்தான் இருக்கிறது. நாங்கள் என்ன செய்வது? — வாசகி, கோவை

பதில்: மருந்தைக் கூட்டாதீர்கள். புழுவை இன்றோடு நிறுத்துங்கள். ஓடு அமுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை இந்த வாரமே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

சல்கேட்டா சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் புல் மேய்ந்து வாழும் பிராணி. அதன் குடல் நார்ச்சத்துக்காகவே அமைந்தது. புழுவை ஆசையாகத் தின்னும், அதை வைத்து ‘உடம்பு கேட்கிறது’ என்று முடிவுகட்டக் கூடாது. மீல்வார்மில் கால்சியம் மிகக் குறைவு. பாஸ்பரஸோ அதைப்போலப் பல மடங்கு. ஆமையின் உணவில் கால்சியம் குறைந்தது இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்று இருக்க வேண்டும். புழுவில் இது அப்படியே தலைகீழ். பாஸ்பரஸ் ஏறினால் அதைச் சரிக்கட்ட எலும்பிலும் ஓட்டிலும் சேர்ந்திருக்கும் கால்சியத்தை உடம்பு உருவ ஆரம்பிக்கும். அதாவது, ஒரு கையால் சொட்டு மருந்து கொடுத்துக்கொண்டே மறு கையால் ஓட்டைக் கரைத்துக்கொண்டிருக்கிறீர்கள். போதாததற்கு, புழுவின் புரதத்தால் யூரிக் அமிலம் கூடும். தண்ணீரும் சரியாகக் குடிக்காத ஆமைக்குச் சிறுநீர்ப்பையில் கல் கட்டும். சல்கேட்டாவில் இது அடிக்கடி வரும் தொல்லை.

நீங்கள் சொல்லும் மேடும் அமுங்கலும் இரண்டு வேறு பிரச்சினைகள். கடைக்காரர் இரண்டையும் ‘கால்சியம் பத்தலை’ என்று ஒரே கணக்கில் எழுதிவிட்டார். மேடு எழும்புவதற்குப் பெரிய காரணம் குட்டிப் பருவத்து வறட்சி. 2003இல் வியன்னாவில் சல்கேட்டா குட்டிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. காற்றின் ஈரப்பதம் குறைந்த இடத்தில் வளர்ந்தவைக்குத்தான் ஓடு அதிகம் மேடிட்டது. புரதத்தின் பங்கு சிறிதே. ஏற்கெனவே எழும்பிய மேடு இனி இறங்காது. தினமும் கால் மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில், தாடைக்குக் கீழே இருக்கும் அளவுக்கு, உட்கார வைத்தால் இனி வளரும் ஓடு ஓரளவு சீராக வரும்.

அமுங்குவதுதான் கவலை. இரண்டு வயதில் ஓடு கல்லாக இருக்க வேண்டும். கால்சியம் வயிற்றுக்குள் போனால் மட்டும் போதாது, அதை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் டி3 வேண்டும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் தோலில் பட்டு ஆமை அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஜன்னல் ஓரம் தொட்டியை வைத்து ‘வெயில் படுகிறது’ என்று நினைப்பவர்கள் ஏராளம். வெளிச்சமும் சூடும் படும், வேண்டிய கதிர் படாது. தொட்டியோடு மொட்டைமாடிக்கும் தூக்கிப் போகாதீர்கள். நம் ஊர் வெயிலில் கண்ணாடிக்குள் ஆமை கொஞ்ச நேரத்திலேயே வெந்துவிடும். காலை எட்டு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் தரையில் விடுங்கள். பாதி இடத்தில் நிழல் இருக்கட்டும். நாயும் காக்கையும் வரும், பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும்.

இப்போது அந்தச் சொட்டு மருந்து. புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். படிக்க ஒன்றும் அச்சிடவில்லை என்றால் இனி ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். கடைகளில் ஆமை படம் ஒட்டி விற்பதில் பல, மாட்டுக்கும் பறவைக்கும் செய்த மருந்தைப் பங்கு பிரித்து ஊற்றியவை. அவற்றில் கால்சியம் பாஸ்பேட் வடிவில் இருக்கும். ஏற்கெனவே பாஸ்பரஸ் மிஞ்சிய உடம்பில் இன்னும் பாஸ்பரஸ். டி3யும் கலந்திருந்தால் அளவு மீறும்போது இரத்தக் குழாயிலும் சிறுநீரகத்திலும் சுண்ணாம்பு படியும், அது திரும்பாது. ‘ஓடு கெட்டியாக்கும் பவுடர்’, ‘ஓட்டுக்குப் பாலிஷ் எண்ணெய்’ என்று அடுத்து ஒன்றை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். மனிதனுக்கு விற்கும் மாத்திரையில் என்ன இருக்கிறது என்று மில்லிகிராம் கணக்கில் அச்சிட வேண்டும். ஆமைக்கு விற்கும் புட்டியில் எதையும் ஊற்றலாம், கேட்பதற்கு ஆளில்லை. இத்தனை வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

உங்களுக்கு வேண்டியது மலிவான பொருள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள், கணவாய் மீனின் ஓடு. இரண்டு நாள் தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பு நீக்கி, காயவைத்துத் தொட்டியில் போட்டுவிடுங்கள். தேவைப்படும்போது அதுவே கொறிக்கும். கொறிக்காவிட்டால் டி3 கலக்காத கால்சியம் கார்பனேட் தூளை வாரம் இரண்டு மூன்று தடவை ஒரு சிட்டிகை கீரை மேல் தூவுங்கள். இது ஆரோக்கியமான ஆமைக்கான அளவு. ஓடு அமுங்கும் ஆமைக்கு எவ்வளவு என்பதை எக்ஸ்ரே பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டில் பெரும்பங்கு அருகம்புல்லும் காய்ந்த புல்லும். கூட முருங்கைக் கீரை (நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது), செம்பருத்தி இலையும் பூவும், முசுக்கட்டை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. பசலைக் கீரையிலும் பாலக்கிலும் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும், அவை வேண்டாம். வெள்ளரியும் லெட்யூஸும் வெறும் தண்ணீர்.

நண்பர் வீட்டு ஆமைக்கு வருவோம். ‘அங்கே மட்டும் எப்படி?’ என்று எல்லோரும் கேட்பதால் விரிவாகவே சொல்கிறேன். அது செங்கால் ஆமையாக இருக்கலாம். தென் அமெரிக்கக் காட்டில் விழுந்த பழம், காளான், நத்தை, பூச்சி, செத்த பிராணி என்று கிடைத்ததைத் தின்னும் இனம். கருத்த ஓடு, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் வெளிறிய திட்டு, முன்னங்காலில் சிவப்பு அல்லது ஆரஞ்சு செதில் என்று அடையாளம் காணலாம். அதற்கு விலங்குப் புரதம் கொஞ்சம் வேண்டும். பத்து நாளுக்கு ஒரு தடவை, அதன் தலையளவு. அதற்கும் மீல்வார்ம் சிறந்ததல்ல. கோழித் தீவனத்துக்காக வளர்க்கிறார்களே பிளாக் சோல்ஜர் ஈயின் புழு, அதில் மட்டும் பாஸ்பரஸைவிடக் கால்சியம் அதிகம். வேறு பூச்சியானால் அந்தப் பூச்சிக்கு முந்தின நாள் முழுக்க நல்ல கீரை கொடுத்து, கால்சியம் தூளில் புரட்டிப் போட வேண்டும். தெருவிளக்கடியில் பிடித்த பூச்சி ஆகாது, மருந்தடித்த வயலிலிருந்து வந்திருக்கும். செங்கால் ஆமையிலும் தினமும் புழு என்றால் கேடுதான். உங்கள் நண்பரிடம் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேளுங்கள். எப்படியிருந்தாலும் உங்களுடையது சல்கேட்டா, இந்தச் சலுகை அதற்குக் கிடையாது.

சல்கேட்டாதானா என்பதையும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் விற்கும் தரகர்கள் நட்சத்திர ஆமைக் குட்டியை வேறு பெயரில் தள்ளிவிடுகிறார்கள். கருப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரமாக விரிந்தால் அது நம் நாட்டு ஆமை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வீட்டில் வைத்திருந்தால் சிறை. சல்கேட்டா ஒரே மங்கலான வைக்கோல் நிறம். அதையும் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ‘பேப்பர் எதுவும் தேவையில்லை’ என்று தரகர் சொல்லியிருப்பார், அது பொய். பதிவில்லாத பயத்தில் பலர் ஆமையை மருத்துவரிடமே காட்டுவதில்லை. ஓடு உடைந்து வரும்போதுதான் பார்க்கிறோம். சட்டம் போட்டவர்கள் கடைக்கடையாகப் போய் அதை வாங்குபவருக்குத் தெரியும்படி எழுதி ஒட்ட வைத்திருக்க வேண்டாமா?

மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம். கால்நடைப் படிப்பில் மாடு, ஆடு, கோழி, நாய்க்குத்தான் பெரும்பங்கு. ஆமையைத் தொட்டுப் பழகியவர்கள் சிலரே. ‘ஆமை பார்ப்பீர்களா?’ என்று போனிலேயே கேளுங்கள். உங்கள் பக்கத்தில் தெரியவில்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். பூச்சி நீக்க ஐவர்மெக்டின் ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் ஆமையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வழக்கமாகப் போடும் அந்த மருந்து ஆமையைக் கொன்றுவிடும்.

போகும்போது அந்தச் சொட்டு மருந்துப் புட்டியை மறக்காமல் எடுத்துப் போங்கள். எவ்வளவு காலமாக, ஒரு நாளைக்கு எத்தனை சொட்டு என்று எழுதியும் கொடுங்கள். டி3 மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்காமல் கால்சியம் ஊசி போடக் கூடாது.